கிழக்கு சியராவில் ட்ரவுட் மீன்பிடிப்பு, கூடாரம், மூன்று நாள்: செப்டம்பர் கடைசி வாரத்துக்குத் திட்டமிடுவோம்

கூடாரக்காரன்:
வணக்கம் நண்பர்களே. இந்த வருடமாவது போயே ஆக வேண்டும் என்பதால் மார்ச்சிலேயே இழையைத் தொடங்குகிறேன். கலிஃபோர்னியாவின் கிழக்கு சியரா மலைப்பகுதி. 395ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி பிஷப்புக்கும் லீ வைனிங்குக்கும் நடுவில் எங்காவது ஓர் இடம். வெள்ளி காலை கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்பலாம். மனதில் வைத்திருப்பது செப்டம்பர் கடைசி வார இறுதி.

இதுவரை வருகிறேன் என்று சொன்னவர்கள்: சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலிருந்து நான்கு குடும்பம், லாஸ் ஏஞ்சலஸ் பக்கமிருந்து இரண்டு. மொத்தம் 14 பேர். அதில் குழந்தைகள் நான்கு. ஊரிலிருந்து வந்திருக்கும் ஒரு அப்பா அம்மாவும் உண்டு. தூண்டில் பிடித்தே இராதவர்கள்தான் பாதிக்கு மேல்.

தேசியக் காடுகளின் முகாம்களுக்கு ஆறு மாதம் முன்பே ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் முன்பதிவு திறந்துவிடும். காலை ஏழு மணிக்குத் திறந்தால், நல்ல இடங்கள் சில நிமிடங்களில் போய்விடும். அதனால் எங்கே தங்குவது என்பதை இந்த வாரமே முடிவு செய்ய வேண்டும். என் மனம் ராக் கிரீக் ஏரியின் மேல். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அங்கிருந்து லிட்டில் லேக்ஸ் பள்ளத்தாக்குக்கு நடந்தே போய் ஏரி ஏரியாகத் தூண்டில் போடலாம். சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை395:
தம்பி, இடம் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் ராக் கிரீக் ஏரி முகாம் 9,700 அடி. சான் ஹோசேயில் கடல் மட்டத்தில் தூங்கி எழுந்தவர்களை அன்று இரவே அந்த உயரத்தில் படுக்க வைத்தால் பாதிப் பேருக்குத் தலைவலி, வாந்தி. குழந்தைகளுக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாது, அழத்தான் செய்யும். பெரியவர்கள் வேறு வருகிறார்கள்.

பகலில் எவ்வளவு உயரம் போனாலும் பரவாயில்லை, தூங்குவது கீழே இருக்கட்டும். கான்விக்ட் ஏரி முகாம் ஏறக்குறைய 7,600 அடி. மாமத் லேக்ஸ் ஊர் பத்து மைல் தொலைவுக்குள் இருக்கிறது, மருத்துவமனையும் அங்கே உண்டு. ஏரியைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. அதில் ஒரு பகுதி சமதளமாக இருப்பதால் அப்பா அம்மா காலாற நடக்கலாம். படகு வாடகைக்குக் கிடைக்கும். ராக் கிரீக்குக்கு சனிக்கிழமை காரில் போய் வந்தால் போயிற்று.

ஜூன் லேக் வளையத்தில் ஓ ரிட்ஜ் முகாமும் இதே உயரம்தான். ஆனால் அங்கே மரநிழல் குறைவு, காற்று அதிகம்.

குட்டிகளின் அம்மா:
அண்ணா சொல்வதற்கே என் ஓட்டு. என் சின்னவனுக்கு ஐந்து வயது. டயோகா கணவாயில் வண்டியை நிறுத்திய அரை மணி நேரத்திலேயே முகம் வெளுத்துவிட்டான். கீழே இறங்கியதும் சரியாகிவிட்டான். இரவு முழுக்க அதே உயரத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு கேள்வி. ஏன் செப்டம்பர்? ஜூலையில் பள்ளி விடுமுறை இருக்கிறதே?

நெடுஞ்சாலை395:
ஜூலையில் கொசு அம்மா. பனி உருகிய ஈரம் புல்வெளிகளில் நிற்கும் வரை கொசு விடாது. ஓடைகளும் உருகுநீரில் வேகமாகப் பாயும், குழந்தைகளைக் கரையில் விட்டுவிட்டு நிம்மதியாக நிற்க முடியாது. கூட்டமும் அப்போதுதான்.

செப்டம்பர் கடைசியில் தண்ணீர் குறைந்து தெளிந்திருக்கும். ஆஸ்பென் மரங்கள் உயரமான இடங்களில் மஞ்சளாக மாறத் தொடங்கும். பகல் இதமாக இருக்கும். இரவு மட்டும் உறைநிலைக்குப் பக்கத்தில் இறங்கும், அதற்குத் தயாராக வர வேண்டும். 20 டிகிரி பாரன்ஹீட் என்று குறித்த தூக்கப்பை, அடியில் விரிக்க நல்ல பாய். தரைக்குளிர்தான் ஆளை வதைக்கும். மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் அடியில் ஒன்றும் இல்லாவிட்டால் தூக்கம் வராது.

குளிருகிறது என்று கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

புதுத்தூண்டில்:
எனக்கு அடிப்படையே தெரியாது, கேட்கிறேன். லைசென்ஸ் யாருக்கெல்லாம் வேண்டும்? குடும்பத்துக்கு ஒன்று போதுமா? ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பா தாமிரபரணியில் தூண்டில் போட்டு வளர்ந்தவர். அவர் கையில் ஒரு கம்பைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசையே.

கூடாரக்காரன்:
குடும்ப லைசென்ஸ் என்று ஒன்று இல்லை. 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், தூண்டில் பிடிக்கும் ஒவ்வொருவரும், தனித்தனியாக எடுக்க வேண்டும். 16க்குக் கீழே தேவையில்லை. வருட லைசென்ஸ் 60 டாலரைச் சற்றுத் தாண்டும். இப்போது அது வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும், முன்பு போல டிசம்பரோடு முடிவதில்லை. ஒரு நாள் லைசென்ஸ் 20 டாலர் அளவில், இரண்டு நாளுக்கு 30 அளவில். இந்த ஒரு நாள், இரண்டு நாள் லைசென்ஸ்களுக்கு இந்த மாநிலத்தவர், வெளியூர்க்காரர் என்ற பேதம் இல்லை. அப்பாவுக்கு இரண்டு நாள் எடுத்துவிடுங்கள். வீட்டிலேயே அச்சிட்டு சட்டைப்பையில் வைத்திருங்கள். மலைக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

மண்சட்டி:
எல்லாரும் பிடிக்கிற கதையே பேசுகிறீர்கள், சாப்பாட்டுக் கதை யார் பேசுவது? அந்தப் பொறுப்பு என்னுடையது. சனி இரவு ட்ரவுட் வறுவல். இரும்புச் சட்டி இரண்டு கொண்டுவருகிறேன். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை போதும், ட்ரவுட்டுக்கு அதிகம் மசாலா வேண்டாம். செதில் மிகப் பொடியாக இருக்கும், சுரண்ட வேண்டிய வேலையே இல்லை. குடலை மட்டும் பிடித்த உடனே எடுத்துவிட்டு ஐஸில் போட வேண்டும். குடலோடு ஒரு மணி நேரம் வெயிலில் கிடந்தால் வயிற்றுப்புறச் சதை குழைந்துவிடும்.

குழம்பு வைக்கலாமா என்று ஒருவர் தனிச் செய்தியில் கேட்டார். வைக்கலாம், ஆனால் இந்தச் சதை மென்மையானது. புளிக்குழம்பு நன்றாகக் கொதித்து வற்றிய பிறகு கடைசியில் துண்டுகளைப் போட்டு அடுப்பை அணைத்துவிட வேண்டும். வஞ்சிரம் மாதிரி கொதிக்கவிட்டால் முள்தான் மிஞ்சும்.

14 பேருக்கு எத்தனை மீன் கிடைக்கும் என்று யாராவது கணக்குச் சொல்லுங்கள். சைவம் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி.

பூச்சித்தூண்டில்:
அக்கா, மன்னியுங்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். 14 பேர் ஓர் ஓடைக்குப் போய் ஆளுக்கு ஐந்து மீனை அடித்துக்கொண்டு வந்தால் அந்த ஓடையில் என்ன மிஞ்சும்? ஃப்ளை (பூச்சி மாதிரி கட்டிய செயற்கைக் கொக்கி) போட்டு, பிடித்து, பார்த்து, விட்டுவிடுவோம். சாப்பிட மாமத் லேக்ஸ் கடையில் மீன் கிடைக்கிறது. பிடிப்பதை எல்லாம் விட்டுவிடுவோம் என்று முதலிலேயே ஒரு முடிவு எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

மண்சட்டி:
கடையில் மீன் வாங்கி மலையில் வறுப்பதற்கு நான் ஏன் ஆறு மணி நேரம் வண்டியில் உட்கார வேண்டும் தம்பி? ஒன்றைப் பிடித்து, வாயைக் கிழித்து, படம் எடுத்து, திரும்ப விடுவதில் என்ன கருணை இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் பாட்டி சாப்பிட வேண்டுமென்றால்தான் தூண்டில் எடுப்பாள். தேவைக்குப் பிடித்ததும் சுருட்டி வைத்துவிடுவாள். விளையாட்டுக்கு என்று ஒரு மீனைத் தொடமாட்டாள்.

நெடுஞ்சாலை395:
இரண்டு பேரும் சரியாகத்தான் பேசுகிறீர்கள், ஆனால் வெவ்வேறு தண்ணீரைப் பற்றி. இந்த விஷயத்தை நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இது தெளிவானால் மற்ற எல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

கான்விக்ட் ஏரி மாதிரி சாலையோர ஏரிகளில் நாம் பிடிக்கப்போகும் மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் வளர்த்து லாரியில் கொண்டுவந்து விடப்பட்ட ரெயின்போ ட்ரவுட். பிடித்துச் சாப்பிடுவதற்காகவே விடப்பட்டவை. அவற்றை வறுத்தால் அந்த ஏரிக்கு ஒரு குறையும் வராது. ஆனால் ஹாட் கிரீக், ஓவன்ஸ் ஆற்றின் சில பகுதிகள், மேலே உள்ள சிற்றோடைகள் எல்லாம் வேறு. அங்கே இருப்பவை அந்தத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த மீன்கள். ஒரு நல்ல அளவு பிரவுன் ட்ரவுட் வளர வருடங்கள் ஆகும். ஹாட் கிரீக்கில் சட்டமே ஒரு மீனைக்கூட வைத்துக்கொள்ள விடாது. செயற்கை ஃப்ளை மட்டும்தான், அதுவும் எதிர்முள் இல்லாத கொக்கி.

இப்போது முக்கியமான விஷயம். எதை வைத்துப் பிடிக்கிறோம் என்பதுதான் மீன் பிழைக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. பவர்பெய்ட் (கடையில் டப்பாவில் விற்கும் மாவு இரை), புழு மாதிரி இரை போட்டால் மீன் அதை உணவு என்று நம்பி விழுங்கிவிடும். கொக்கி தொண்டைக்கும் வயிற்றுக்கும் போய்விடும். அந்த மீனை எவ்வளவு பதமாகத் திரும்ப விட்டாலும் அது பிழைக்க வாய்ப்பு குறைவு. நம் கண்முன்னே நீந்திப் போகும், பிறகு சாகும். லூர் (மின்னும் உலோகப் போலி இரை), ஃப்ளை போட்டால் அது பெரும்பாலும் உதட்டோரத்தில் மாட்டும், கழற்றி விட்டால் பிழைத்துக்கொள்ளும்.

அதனால் விட்டுவிடப் போகிறோம் என்றால் இரை போடக் கூடாது. இரை போடுகிறோம் என்றால் பிடித்ததை வைத்துக்கொள்ள வேண்டும், தேவையான எண்ணிக்கை வந்ததும் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். அக்கா பாட்டி செய்தது இதைத்தான். எனக்குக் கோபம் வருவது மூன்றாவது வகை ஆட்களிடம்தான்: பவர்பெய்ட் போட்டு நாள் முழுக்கப் பிடித்து, சின்னதை எல்லாம் ஏரிக்குள் வீசிவிட்டு, பெரியது வருமா என்று காத்திருப்பார்கள். மாலையில் கரையோரம் வெள்ளை வயிறு தெரிய மிதப்பவை அவர்கள் 'விட்ட' மீன்கள்.

என் யோசனை இது. சனி காலை எல்லாரும் கான்விக்ட் ஏரியில் இரை போட்டுப் பிடிப்போம், சமையலுக்குத் தேவையானது வந்ததும் நிறுத்துவோம். பிற்பகலில் விருப்பமுள்ளவர்கள் ஓடைக்குப் போவோம். அங்கே எதிர்முள் இல்லாத கொக்கி மட்டும், எதையும் எடுத்துவர மாட்டோம். ஓடைக்கு வருகிற யார் பையிலும் இரை டப்பா இருக்கக் கூடாது.

பூச்சித்தூண்டில்:
இது எனக்கு ஏற்புடையது அண்ணே. ஏரி மீனைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். ஓடையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஓடைக்கு வருகிறவர்களுக்குச் சில விஷயம். கொக்கியின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் அந்தச் சின்ன எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்தினால் மடங்கிவிடும், தனியாகக் கொக்கி வாங்க வேண்டியதில்லை. மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். அதன் உடம்பில் இருக்கும் வழவழப்புதான் அதற்குக் கவசம். உலர்ந்த கையோ துணியோ பட்டால் அது உரிந்து, அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். செவுளுக்குள் விரல் விடவே கூடாது. ரப்பர் கைவலை நல்லது, நைலான் வலை வேண்டாம். படம் எடுக்க வேண்டுமானால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு, பிறகு மீனைத் தூக்குங்கள். தண்ணீரை விட்டு வெளியே இருப்பது பத்து நொடிக்குள் முடியட்டும். கொக்கி உள்ளே போயிருந்தால் நோண்டாமல் தூண்டில் நரம்பை வாய்க்குப் பக்கத்தில் வெட்டிவிடுங்கள்.

இன்னொன்று. பிரவுனும், புரூக் என்ற இன்னொரு வகை ட்ரவுட்டும் இலையுதிர் காலத்தில் முட்டையிடுபவை. ஓடையின் பரல்தரையில் சுற்றிலும் பாசி படிந்திருக்க நடுவில் ஓரிடம் மட்டும் துடைத்த மாதிரி வெளிறித் தெரிந்தால் அது மீன் வாலால் கிளறிச் செய்த முட்டைக்குழி. அதில் கால் வைக்காதீர்கள். குழந்தைகளுக்கும் சொல்லிக் காட்டுங்கள், அவர்களுக்கு அது பிடிக்கும்.

மலையகத்தான்:
தாமதமாக வருகிறேன், சாக்ரமெண்டோவிலிருந்து. நான் நுவரெலியாப் பக்கத்தில் பிறந்தவன். ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் ரெயின்போ ட்ரவுட்டைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஆங்கிலேயத் தோட்டத்துரைகள் கொண்டுவந்து விட்டது. நீலகிரியில் அவலாஞ்சியிலும் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் உண்டு என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் மலைக்கு அந்நியமான அந்த மீனை அதன் சொந்த மாநிலத்தில் பார்க்கப்போகிறோம் என்றுதான் நினைத்தேன். படித்துப் பார்த்தால் இந்த மலைக்கும் அது விருந்தாளிதானாம்.

ஓவன்ஸ் ஆற்றுப் படுகையில் ஆதியில் ட்ரவுட்டே கிடையாது. ரெயின்போ சியராவின் மேற்குப் பக்கத்து மீன். பிரவுன் ஐரோப்பாவிலிருந்து, புரூக் அமெரிக்காவின் கிழக்குக் கரைப் பக்கத்திலிருந்து வந்தவை. கோல்டன் ட்ரவுட் கெர்ன் ஆற்றின் தலைப்பகுதிக்கு உரியது. 1947இல் மாநில மீனாக அறிவித்தார்கள். அதையும் 1876இல் ஒரு காபிப் பாத்திரத்தில் போட்டு மலையைத் தாண்டி காட்டன்வுட் ஓடையில் கொண்டுவந்து விட்டார்கள். உயரத்து ஏரிகளில் பெரும்பாலானவை பனியாறுகள் குடைந்த குழிகள். அருவிகளைத் தாண்டி எந்த மீனும் ஏற முடியாததால் அவை மீனே இல்லாமல் இருந்தன. கோவேறு கழுதை மேல் தகரத்தில் வைத்துக் கொண்டுபோய் விட்டார்கள், பிறகு விமானத்திலிருந்தும் கொட்டினார்கள்.

அதனால் அருகிப்போனது ஒரு தவளை. சியரா மஞ்சள்கால் தவளை. அதன் தலைப்பிரட்டை தவளையாக மாற இரண்டு மூன்று வருடம் ஆகும், அதுவரை வற்றாத ஏரியில்தான் இருந்தாக வேண்டும். அந்த ஏரிக்குள் ட்ரவுட்டை விட்டால் என்ன ஆகும்? 2014இல் அதை அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தார்கள். யோசெமிட்டியில் 1991இலேயே மீன் விடுவதை நிறுத்திவிட்டார்கள். செக்வோயா, கிங்ஸ் கான்யன் பூங்காக்களில் சில ஏரிகளிலிருந்து ட்ரவுட்டை அகற்றிய பிறகு தவளை திரும்பி வந்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது, லிட்டில் லேக்ஸ் பக்கம் நடந்துபோய் மேல் ஏரிகளில் சின்னச் சின்ன புரூக் ட்ரவுட் பிடித்தால் அவற்றை விட வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. அங்கே அவை பெருகிப் பெருகி, தீனி போதாமல் குச்சியாக இருக்கும். சட்ட அளவுக்குள் எடுத்துச் சாப்பிடலாம். எல்லா இடத்திலும் விடுவது நல்லது என்று ஆகிவிடாது.

பூச்சித்தூண்டில்:
தவளை விஷயம் எனக்குக் கொஞ்சம் தெரியும், தலைப்பிரட்டைக்கு இத்தனை வருடம் ஆகும் என்பது தெரியாது. நன்றி. மேல் ஏரி புரூக் ட்ரவுட் பற்றி ஒத்துக்கொள்கிறேன். ஓடைப் பிரவுனை மட்டும் விட்டுவிடுங்கள்.

மண்சட்டி:
சமாதானம். சனி காலை ஏரி, எனக்கு அது போதும். இப்போதாவது கணக்குச் சொல்லுங்கள்.

கூடாரக்காரன்:
இன்யோ, மோனோ மாவட்டங்களில் பல ஏரிகளுக்கு ட்ரவுட் பருவம் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை முதல் நவம்பர் 15 வரை. கான்விக்ட்டும் அதில் அடக்கம், நம் தேதி பருவத்துக்குள் வருகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து மீன், கையிருப்பில் பத்துக்கு மேல் கூடாது. இது ஆளுக்கு ஆள். நான் ஐந்து பிடித்த பிறகு மனைவியின் கணக்கில் இன்னும் மூன்று பிடிப்பது இங்கே செல்லாது. குழந்தைகளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றாலும் அவர்களுக்கும் அதே ஐந்துதான். அதனால் ஒவ்வொருவர் மீனையும் தனித்தனிக் கயிற்றில் கோத்து வையுங்கள். அதிகாரி வந்து கேட்டால் யாருடையது எது என்று உடனே காட்ட முடியும்.

அக்கா, ஆளுக்கு ஒன்று என்று 12 மீன் கிடைத்தாலே விருந்துதான். அதோடு நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். மீன் விடும் லாரியை நம்பியும் இருக்க முடியாது. 2020இல் லாக்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா தொற்றி, மாநிலத்தின் மூன்று பண்ணைகளில் 32 லட்சம் மீன்களை அழிக்க வேண்டியதாயிற்று. சாம்பாருக்கும் சாமான் எடுத்துவருவோம்.

மண்சட்டி:
சாம்பார் என்றதும் நினைவு வந்தது. அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சோறு வைத்தால் வெளியே குழைந்து நடுவில் அரிசியாக நிற்கும், பருப்பு வேகவே வேகாது. ஆகவே குக்கர் கட்டாயம். ஐந்து லிட்டர் குக்கர் இரண்டு வேண்டும். ஒன்று என்னிடம் இருக்கிறது, இன்னொன்று யார்?

குட்டிகளின் அம்மா:
குக்கர் நான் கொண்டுவருகிறேன் அக்கா. கரடிக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே? இவ்வளவு மசாலா வாசனையோடு போகிறோம்.

நெடுஞ்சாலை395:
கறுப்புக் கரடி அங்கே உண்டு, ஆளைத் தேடி வராது, சாப்பாட்டைத் தேடி வரும். ஒவ்வொரு முகாம் இடத்திலும் இரும்புப் பெட்டி இருக்கும். சாப்பாடு, குளிர்பெட்டி, எண்ணெய், மசாலா டப்பா, பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், குப்பை எல்லாம் அதற்குள். காருக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள், கரடிக்குக் கார்க் கதவு ஒரு தடையே இல்லை. குழந்தை இருக்கையின் இடுக்கில் விழுந்த முறுக்குத் துண்டுகூட அதற்குத் தெரியும். கிளம்பும் முன் இருக்கைகளைத் தட்டிச் சுத்தம் செய்துவிடுங்கள்.

பெருங்காயத்தை இரண்டு டப்பாவுக்குள் போட்டுக் கொண்டுவாருங்கள்.

மீன் குடலைக் கரையிலோ புதரிலோ வீசக் கூடாது. சுத்தம் செய்யும் மேடை இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் பையில் கட்டி, கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டிக்குள். மீன் வறுத்த சட்டையோடு கூடாரத்துக்குள் படுக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

புதுத்தூண்டில்:
கம்பு, நரம்பு என்ன வாங்குவது? கடைக்குப் போனேன், 300 டாலருக்கு ஒரு பட்டியல் கொடுத்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

பூச்சித்தூண்டில்:
நல்ல வேலை செய்தீர்கள். ஆறடி நீளத்தில் மெல்லிய ஸ்பின்னிங் கம்பு, அதற்கேற்ற சின்ன ரீல், நாலு பவுண்டு நரம்பு. கம்பும் ரீலும் சேர்ந்தே 40, 50 டாலருக்குக் கிடைக்கும். தெளிந்த தண்ணீரில் தடித்த நரம்பு மீனுக்குத் தெரியும், அதனால் நாலுக்கு மேல் போகாதீர்கள். லூரில் பான்தர் மார்ட்டின் ஒன்று, காஸ்ட்மாஸ்டர் ஒன்று, சின்ன அளவில். ஏரிக் காலைக்கு ஒரு டப்பா பவர்பெய்ட், எட்டு நம்பருக்கும் பத்து நம்பருக்கும் நடுவில் கொக்கி, சறுக்கும் ஈயக்குண்டு. இந்த இரை மிதக்கும். ஈயம் அடியில் கிடக்க, அதிலிருந்து ஒன்றரை அடி நரம்பில் இரை மேலே நிற்க வேண்டும். அப்பாவுக்கு ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும்.

விடியற்காலையும் அந்தி நேரமும்தான் வேளை. வெயில் ஏறிய பிறகு மீன் ஆழத்துக்குப் போய்விடும், கான்விக்ட் நல்ல ஆழம்.

ஃப்ளை கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு என்னிடம் கூடுதலாக இரண்டு கம்பு இருக்கிறது. சனி பிற்பகல் சொல்லித் தருகிறேன்.

மலையகத்தான்:
கயாக், ரப்பர் படகு கொண்டுவருகிறவர்கள் கவனிக்கவும். 2024 அக்டோபரில் ஸ்டாக்டன் துறைமுகத்தில் தங்கச் சிப்பி என்ற அந்நியச் சிப்பியைக் கண்டுபிடித்ததிலிருந்து பல ஏரிகளில் படகுச் சோதனை கடுமையாகிவிட்டது. ஸ்டாக்டனை ஒட்டிய டெல்டா நீர்வழிகளில் ஓட்டிய படகை அப்படியே தூக்கி வராதீர்கள். கழுவி, வடித்து, நன்றாகக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். தண்ணீரில் இறங்கும் பூட்ஸுக்கும் இதேதான். ஓவன்ஸ் ஆற்றில் நியூசிலாந்துச் சேற்று நத்தை ஏற்கெனவே இருக்கிறது, அரிசி அளவுகூட இருக்காது, பூட்ஸ் அடியில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஓடைக்குப் போய்விடும். ஒரே நாளில் இரண்டு ஓடை என்றால் இரண்டு ஜோடி காலணி.

கூடாரக்காரன்:
வழி பற்றி. வளைகுடாப் பகுதியினருக்கு டயோகா கணவாய் வழிதான் பக்கம், ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 9,943 அடி ஏறி இறங்குகிறோம், சின்னவனுக்காக உச்சியில் நிற்காமல் லீ வைனிங்குக்கு இறங்கிவிடலாம். யோசெமிட்டிக்குள் புகுந்து போவதால் நுழைவுக் கட்டணம் உண்டு. ஆண்டு அட்டை இருப்பவர்கள் மறக்காமல் எடுத்துவாருங்கள். செப்டம்பர் கடைசியில் திடீர்ப் பனி விழுந்து கணவாயைச் சில நாள் மூடுவதும் நடக்கும். அப்போது சோனோரா கணவாயும் மூடியிருக்கக் கூடும்; திறந்திருந்தாலும் சில இடங்களில் 26 சதவீதச் சரிவு, சுமை ஏற்றிய வேனுக்கு நான் சொல்ல மாட்டேன். 50ஆம் சாலையில் டாஹோ பக்கமாகச் சுற்றி வருவோம், நேரம்தான் கூடும்.

நெருப்பு பற்றி. கோடை முடிவில் விறகு எரிக்கத் தடை வந்துவிடுவது வழக்கம். அதை மனதில் வைத்தே சமையல் எல்லாம் கேஸ் அடுப்பில். முகாமுக்கு வெளியே, ஓடையோரம் அடுப்பு பற்றவைத்து டீ போட வேண்டுமானாலும் கலிஃபோர்னியா கேம்ப்ஃபயர் அனுமதி வேண்டும். இலவசம், இணையத்தில் சின்னப் பாடம் படித்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் கிடைக்கும். வண்டிக்கு ஒருவராவது எடுத்து வையுங்கள். ஊரே எரிந்துபோனதை இந்த மாநிலத்தில் நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம், இதில் யாரும் அலட்சியம் காட்ட வேண்டாம்.

குட்டிகளின் அம்மா:
ஞாயிறு காலை மீன் பிடிக்க விரும்பாதவர்கள் என்ன செய்வது? குழந்தைகள் இரண்டாம் நாளே சலித்துவிடுவார்கள்.

நெடுஞ்சாலை395:
ஹாட் கிரீக் பள்ளத்தாக்குக்குப் பத்து நிமிடத்தில் போய்விடலாம். நீலத் தண்ணீர் நிலத்திலிருந்து கொதித்து வருவதை மேலே நின்று பார்க்கலாம். வேலியைத் தாண்டக் கூடாது, குளிக்கவும் கூடாது, அங்கே வெந்து செத்தவர்கள் உண்டு. திரும்பும் வழியில் மோனோ ஏரி. சுண்ணாம்புத் தூண்களைக் குழந்தைகள் விட்டு வரமாட்டார்கள்.

மாமத் பக்கத்தில் ஹார்ஸ்ஷூ ஏரிக்குப் போனால் பட்டுப்போன மரங்களைப் பார்க்கலாம். எரிமலை வாயு மண்ணுக்குள்ளிருந்து கசிந்து வேரைக் கொன்றிருக்கிறது. அந்த இடத்தில் குழந்தைகளைப் பள்ளத்திலோ தரையிலோ உட்காரவிடாதீர்கள், கார்பன் டை ஆக்சைடு தாழ்வான இடத்தில்தான் தேங்கும். பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

புதுத்தூண்டில்:
அப்பாவிடம் இன்று சொல்லிவிட்டேன். மண்புழு எங்கே தோண்டலாம் என்று கேட்கிறார். கடையில் டப்பாவில் கிடைக்கும் என்றால் நம்ப மறுக்கிறார்.

நெடுஞ்சாலை395:
அப்பாவைப் படகில் என் பக்கத்தில் உட்கார வையுங்கள் தம்பி. புழுவும் ஏரியில் செல்லும், தடையில்லை. உயிருள்ள சின்ன மீனை இரையாகப் போடுவதற்குத்தான் இங்கே இடமில்லை, அதை மட்டும் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தாமிரபரணிக்காரர் கேட்க வாய்ப்பிருக்கிறது.

கூடாரக்காரன்:
சரி, இன்று காலை ஏழு மணிக்கு மூன்று பேர் மூன்று கணினியில் உட்கார்ந்தோம். ஓர் இடத்தில் பொதுவாக ஆறு பேர்தான் என்பதால் மூன்று இடம் தேவைப்பட்டது. கான்விக்ட்டில் இரண்டு அடுத்தடுத்து கிடைத்தன, மூன்றாவது எதிர் வரிசையில். வெள்ளி, சனி இரண்டு இரவும் உறுதி. ஓடைக்குப் பக்கத்து இடத்தைக் குழந்தைகள் இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் எனக்குத் தேவையானவை: வாடகைப் படகு இரண்டு சொல்லப் போகிறேன். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் படகில் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். பெரியவர்களும் போடுங்கள், அந்தத் தண்ணீரின் குளிரில் நல்ல நீச்சல்காரருக்கும் சில நிமிடங்களில் கை கால் விறைத்துவிடும். நான்கு குழந்தைகளின் எடையையும் இங்கே எழுதுங்கள். யாரிடம் கூடுதல் தூக்கப்பை இருக்கிறது, அப்பா அம்மாவுக்கு இரண்டு மடிப்புக் கட்டில் யாரால் முடியும், அதையும் சொல்லுங்கள்.

குட்டிகளின் அம்மா:
பெரியவள் 62 பவுண்டு, சின்னவன் 41. மடிப்புக் கட்டில் ஒன்று என்னிடம் உண்டு.

மலையகத்தான்:
இன்னொரு கட்டில் என் பொறுப்பு. தூக்கப்பை மூன்று கூடுதலாக இருக்கிறது, ஒன்றில் ஜிப் சரியில்லை, அதை நான் வைத்துக்கொள்கிறேன்.